வசனம் இல்லாதவர்களுக்கு யார் விருது கொடுப்பது?

சேனல்காரர்கள் விருது விழா நடத்தும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது பிரிவுகளின் பெயரைத்தான். சிறந்த மாமியார், சிறந்த மருமகள், சிறந்த ஜோடி. கொடுப்பது நடிப்புக்கு விருதா, கல்யாண வீட்டில் சம்பந்தி மரியாதையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சன் விழாவில் சன் சீரியலுக்கு, விஜய் விழாவில் விஜய் சீரியலுக்கு, ஜீ தமிழ் விழாவில் ஜீ சீரியலுக்கு. சரி, காசும் அவர்களுடையது, மேடையும் அவர்களுடையது. அதில் நாம் கேட்க ஒன்றுமில்லை.

என் குறை வேறு. விருது எப்போதும் பேசுகிறவருக்கே போகிறது. சீரியலில் பாதி நேரம் நடிப்பு என்பது கேட்பது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மெகா சீரியல் எடுக்கும் விதம் தெரிந்தால் இது புரியும். விளம்பரம் போக ஓர் எபிசோடு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு போயாக வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்யப் பல நாள் நேரமே இருக்காது. கேமராவுக்கு அந்தப் பக்கம் உதவி இயக்குநர் நின்று ஒரு வரி சொல்வார், நடிகர் அதைத் திருப்பிச் சொல்வார். குரல் பிறகு டப்பிங்கில் சேரும், சிலருக்கு அதுவும் வேறொருவர் குரல். இந்த லட்சணத்தில் கதாநாயகி நடுக்கூடத்தில் நின்று நீளமாக ஒரு வசனம் பேசுவார். சுற்றிலும் எட்டுப் பேர். கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும், பின்னணியில் இடி இடிக்கும். பல நேரம் அந்த முகங்களைத் தனியாக எடுத்து ஒட்டியிருப்பார்கள், எதிரே வசனம் பேச ஆளே இருந்திருக்காது. ஏழு பேர் புருவத்தை உயர்த்திவிட்டுச் சும்மா நிற்பார்கள். ஒருவர் மட்டும் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருப்பார். சீன் நிற்பது அவரால்தான்.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் டெல்லி குமார். 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம். திருமுருகன் இயக்கியது. ஒவ்வொரு மகள் வீட்டுக்கும் போய், சம்பந்திகள் சொல்வதை எல்லாம் வாங்கிக்கொண்டு, பதில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் சீன்கள் அதில் நிறைய. பதில் பேசினால் மகள் வாழ்க்கை போய்விடும் என்ற பயம் அந்த முகத்தில் இருக்கும். அடுத்து என்ன சொல்லப்போகிறார்களோ என்ற கவலையும் இருக்கும். எங்கள் அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவர் அந்த சீன்களில் வசனத்தைக் கவனித்ததே இல்லை. “அந்த ஆளு மூஞ்சியப் பாருடா, பொண்ணு பெத்தவன் மூஞ்சி” என்பார். எந்த நடுவர் குழுவும் இதைவிடச் சரியாக மதிப்பெண் போட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

நான் சில வருடம் வீடுகளுக்கு ஆஸ்ட்ரோ சேனல் தட்டு (டிஷ் ஆன்டெனா) பொருத்தும் வேலை பார்த்தேன். ஹீவூட், டோவன்பி என்று தோட்டம் தோட்டமாகப் போவேன். தோட்ட வீட்டை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு மாறிய குடும்பங்களுக்கும் போவேன். அங்கெல்லாம் பெரியம்மாக்கள் ஹீரோ ஹீரோயின் பெயரைச் சொல்லிக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. “அந்த மாமியார்காரி வர்ற நாடகம் தெரியுமாய்யா?” என்றுதான் கேட்பார்கள்.

மாமியார் என்றதும் சத்யப்ரியா பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் போன ‘கோலங்கள்’ தொடரில் கதாநாயகி அபியின் அம்மா கற்பகம். கணவன் இன்னொரு குடும்பத்தோடு போய்விட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற அம்மா. ‘கோலங்கள்’ இயக்குநர் திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியபோது, அதே சத்யப்ரியா விசாலாட்சி ஆனார். மகன்கள் மருமகள்களை மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு, அதுதான் முறை என்று நம்புகிற அம்மா. கற்பகம் தரையைப் பார்ப்பார், விசாலாட்சி மகனையே பார்ப்பார். கண் போகும் இடத்தை மாற்றியே இரண்டு வேறு பெண்களைக் காட்டிவிட்டார் அந்த அம்மா. ‘எதிர்நீச்சல்’ ஓடிய காலத்தில் ஊரே விசாலாட்சியின் மூத்த மகன் ஆதி குணசேகரனைப் பற்றிப் பேசியது. ஆனால் அவன் கத்தும்போது பக்கத்தில் இருக்கும் அம்மா முகத்தில் ஒரு பெருமை தெரியும். அது இல்லாவிட்டால் அவன் வெறும் சத்தம்தான்.

இவர்களுக்கு யாரும் எதுவும் கொடுத்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்கும் ஏற்பாடே கோணல் என்கிறேன். ‘மெட்டி ஒலி’யும் ‘கோலங்க’ளும் ஓடி முடிந்த பிறகுதான் சன் குடும்ப விருதே வந்தது. தமிழ்நாடு அரசு சின்னத்திரை விருது கொடுக்கிறது, நல்ல விஷயம். ஆனால் 2009 முதல் 2013 வரைக்குமான விருதுகளைக் கொடுத்தது 2022 செப்டம்பரில். அந்தத் தொடர்களில் குழந்தையாக நடித்தவர்கள் அதற்குள் கல்லூரிக்கே போயிருப்பார்கள்.

தேசிய விருதில் சீரியலுக்கு இடமே கிடையாது. எம்.எஸ்.பாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் பட்டாபியாக வந்து வீடு வீடாகச் சிரிக்க வைத்தவர். அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது 2025இல், ‘பார்க்கிங்’ படத்துக்காக. பிடிவாதமும் பொறாமையும் பிடித்த ஒரு சாதாரண அரசாங்க ஊழியராக அதில் பிரமாதமாகச் செய்திருந்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்த டைமிங்கும் உடம்பை வைத்துப் பேசுகிற வித்தையும் நம் கூடத்து டிவியில் தினமும் நடந்துகொண்டிருந்ததுதானே? ‘மெட்டி ஒலி’ மாணிக்கம் சேத்தனும் அப்படித்தான். 2023இல் ‘விடுதலை’யில் அதிகாரியாக வந்து மிரட்டிய பிறகு, “யார்யா இந்த நடிகர்?” என்று இளவட்டங்கள் கேட்டார்கள். எங்கள் ஊர் பாட்டிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இது தமிழ்ச் சீரியலுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குத் தொழில்காரர்களே கூடி ஓட்டுப் போடுகிறார்கள், சொந்த சேனல் பாசம் என்று அங்கே சொல்ல முடியாது. அங்கேயும் 2022இல் முடிந்த ‘பெட்டர் கால் சால்’ தொடர் மொத்தம் 53 முறை பரிந்துரைக்கப்பட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. அதில் கிம் வெக்ஸ்லராக வரும் ரியா சீஹார்ன் முழுக்க முழுக்கக் கேட்டே நடித்தவர். ‘மர்டர், ஷி ரோட்’ தொடருக்காக ஏஞ்சலா லான்ஸ்பரி 12 முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறைகூட வாங்கவில்லை. நம் மெகா சீரியலுக்கு அண்ணன் மாதிரியான ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரின் சூசன் லூசி 18 முறை தோற்று, 19ஆவது முறை, 1999இல்தான் பகல்நேர எம்மி வாங்கினார்.

காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். இரவுநேர எம்மியில் தொடர் நடிகர் தன் பெயருக்கு ஒரே ஒரு எபிசோடைத்தான் நடுவர் பார்வைக்கு அனுப்ப முடியும். அந்த ஒன்றில் அழ வேண்டும், கத்த வேண்டும், உடைந்து விழ வேண்டும். வருடக்கணக்கில் துளித்துளியாகச் சேர்ந்த ஒரு முகத்தை ஒரு எபிசோடில் எப்படி அனுப்புவது? நம் ஊர் விழாவிலும் மேடைத் திரையில் முப்பது விநாடி துண்டு போடுவார்கள். அதில் சிதம்பரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போட்டால் கைதட்டு வருமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் தமிழ் நாடகம் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பிறகு ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் சேனல்கள் என்று உள்ளூர் நாடகங்களுக்கு இடம் கிடைத்தது. நடிக்கிறவர்களில் பலருக்கு இது முழுநேரப் பிழைப்பு கிடையாது. வாரநாளில் வேறு வேலை, லீவு போட்டுவிட்டுப் படப்பிடிப்பு. சென்னை சேனல் விழாவில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அனுகெரா ஸ்கிரின் மாதிரி பெரிய விருது மேடை மலாய் நாடக உலகத்தை மையமாக வைத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதையான ‘ஜகாட்’ என்ற தமிழ்ப் படத்தையே 2016இல் மொழியைக் காரணம் காட்டித் தனிப் பிரிவில் வைக்கப்போய் மலேசியத் திரைப்பட விழாவில் பெரிய சர்ச்சை வெடித்தது. சினிமாவுக்கே அந்தக் கதி என்றால் இரவு நாடகத்தில் அப்பாவாக வருகிற அண்ணனை யார் தேடப்போகிறார்கள்? நம் உள்ளூர் நாடகங்களில் வசனம் சில நேரம் மேடைத்தனமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தே தாரேக் (நம் ஊர் ஆற்றிய பால் டீ) கிளாஸைப் பிடிக்கிற விதம், மகனிடம் கோபத்தை அடக்கிக்கொண்டு மோட்டாரைத் தள்ளுகிற விதம், அதெல்லாம் சென்னையிலிருந்து வராது லா.

கடைசியாக ஒரு வகை நடிகர்கள். “இனி இவருக்குப் பதில் இவர்” என்று போடுவார்களே, அந்த ‘இவர்’. சீரியல் உலகத்தில் இதைவிட நன்றிகெட்ட வேலை இல்லை. 2023 செப்டம்பர் 8 அன்று, ‘எதிர்நீச்சல்’ டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து, ஆதி குணசேகரனாக நடித்த ஜி.மாரிமுத்து இறந்துபோனார். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கியபோது கிடைக்காத புகழ் “இந்தாம்மா ஏய்” என்ற ஒற்றை அதட்டலில் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்த நாற்காலியில் வேல ராமமூர்த்தியை உட்கார வைத்தார்கள். செத்துப்போன மனிதரின் வேட்டியை, மீசையை, கோபத்தை, ஊர் முழுக்க மிமிக்ரி செய்துகொண்டிருந்த நேரத்தில் ஏற்றுக்கொள்வது லேசுப்பட்ட காரியமா? அவர் புத்திசாலித்தனமாக மாரிமுத்து மாதிரி கத்தவில்லை. குரலை இறக்கி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஊர் திட்டியது. எங்கள் வீட்டில் அம்மா சேனலையே மாற்றச் சொன்னார்.

கொஞ்ச நாள் போனது. ஒரு ராத்திரி விசாலாட்சியிடம் அவர் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அம்மா சோபாவிலிருந்து ஒரு வசவு விட்டார் பாருங்கள், எங்கள் தோட்டத்து லய வீடுகளில்தான் அந்த வார்த்தையைக் கேட்க முடியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர்தான் குணசேகரன்.