பஞ்சுக்கு அடங்காத சத்தம்

போன மாதம் சென்னையிலிருந்து ஊருக்கு ஒரு சின்ன புரொப்பெல்லர் விமானத்தில் போனேன். ஜன்னல் சீட், நேர் எதிரே புரொப்பெல்லர். ஒன்றரை மணி நேரமும் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருந்த மாதிரி. இறங்கியதும் மாமா போனில் பேசியது பாதிதான் காதில் விழுந்தது.

இறக்கைக்கு அடியில் என்ஜின் தொங்கும் ஜெட்டில் பின்பக்கம்தான் இரைச்சல், முன்னால் போனால் தேவலை. இதில் கதை தலைகீழ். புரொப்பெல்லரின் நுனி சுற்றும் இடத்துக்குப் பக்கத்து வரிசைகளில் உட்காராதீர்கள், வாலுக்குப் போய்விடுங்கள். நான் போனதில் ஏறுகிற கதவும் பின்னால்தான். இறங்கும்போது முதல் ஆளாக இறங்கலாம்.

அந்த உறுமல் ஏன் எதற்கும் அடங்குவதில்லை? ஆறு இதழ் புரொப்பெல்லர், பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 சுற்று. நொடிக்குச் சுமார் 100 முறை ஓர் இதழ் கேபின் சுவரைக் காற்றால் அறைந்துவிட்டுப் போகிறது. 100 ஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர், ஒரு படுக்கையறை அகலம். சுவருக்குள் இருக்கும் நாலு விரல்கடை பஞ்சு கீச்சுச் சத்தத்தை விழுங்கும், இதைத் தொடக்கூட முடியாது. சுவரைக் கனமாக்கலாம், எடையை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும். பறக்கிற வண்டியில் யார் அதைத் தூக்குவது?

சரி, சத்தத்தின் அலைக்கு நேர் தலைகீழான அலையை விட்டு, சத்தத்தை எதிர்ச்சத்தத்தாலேயே அடிக்கலாம் என்று ஜெர்மனியின் பால் லூக் 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். 1978-ல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டு சரியாகக் கேட்காத எரிச்சலில்தான் போஸ் ஆடியோ கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் இந்த வேலையில் இறங்கினார். நமக்கு ஹெட்போன் மட்டும்தான் தெரியும். ஆனால் 1990-களிலேயே டாஷ் 8 என்ற புரொப்பெல்லர் விமானங்களில் கேபினுக்குள் மைக் வைத்து, உடற்கூட்டில் பொருத்திய அதிர்வான்களால் உறுமலைக் குறைத்தார்கள். Q400 என்பதுபோல அவற்றின் பெயரோடு ஒட்டிய ‘கியூ’வுக்கே ‘கொயட்’ என்றுதான் அர்த்தம். வண்டியே செய்ய முடிகிற வேலைக்குப் பயணி ஏன் தனியாக இருபதாயிரம் கொடுத்து ஹெட்போன் வாங்க வேண்டும்?

என் கார் கதையையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் சத்தம் தாங்காமல் நான்கு கதவுக்கும் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினேன். கதவு சாத்தினால் ‘தொப்’பென்று பணக்காரக் கார் போல ஒலித்தது, சத்தம் அப்படியே இருந்தது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் என்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, விரலை வைத்து ஓரிடத்தை அடைத்தார். சட்டென்று குறைந்தது. என்ஜினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் அலாரம் வயர் இழுக்க யாரோ போட்ட ஓட்டை, ஐந்து ரூபாய் நாணயம் அளவு. “கதவுக்குப் போர்வை போர்த்தி என்ன தம்பி, வாசல் தொறந்து கெடக்கு” என்றார். ஒரு ரப்பர் அடைப்பு, முப்பது ரூபாய்.

காராவது பரவாயில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் என்ஜினே உள்ளே, டிரைவருக்கு இடது கைப்பக்கம். மேலே ஒரு மூடி, அதன்மேல் ஒரு கிழிந்த ரெக்சின், அதன்மேல் இரண்டு பேர். மூடியின் ஓரத்து ரப்பர் தேய்ந்து, சத்தமும் சூடும் சேர்ந்து வரும். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்கிறார்கள் காதுநலம் பார்ப்பவர்கள். டிரைவர் ஹெட்போனும் போட முடியாது, ஹாரனும் விசிலும் கேட்டாக வேண்டும். என்ஜினைப் பின்னால் வைத்த பஸ்கள் நகரத்துக்கு வந்துவிட்டன, மின்சார பஸ்ஸும் வந்துவிட்டது. எங்கள் பக்கம் எப்போது வருமோ. அதுவரைக்கும் அந்த மூடிக்குப் புது ரப்பராவது போடலாமே என்று போன வாரம் டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். “நானே ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன் தம்பி” என்றார்.