அன்ரி சொன்ன சாட்சி

சென்ற வெள்ளிக்கிழமை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஆண்டவர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருடைய மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம், இன்னொருவருக்குப் புது வாகனம். ஒவ்வொன்றுக்கும் "அல்லேலூயா" முழங்கியது. கடைசியாக, எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் அன்ரி எழுந்தார். "மகனுக்கு மூன்றாவது தடவையும் விசா கிடைக்கவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்கள்.

அந்த மௌனம் இன்னும் என்னை விடவில்லை. கிடைத்தால்தான் ஆசீர்வாதம் என்று நாங்கள் பழகிவிட்டோம். அப்படியானால் கிடைக்காதவர் யார்? விசுவாசம் குறைந்தவரா? அன்ரியின் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். எவ்வளவு ஆறுதலான வசனம்! ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை அந்த அட்டைகளில் நான் கண்டதில்லை. அங்கே எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்டபோது முப்பது வயதாயிருந்த ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருப்பார். ஊர் திரும்பும் நாளைத் தன் கண் காணாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாக்கு அவருக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது.

அதே கடிதம் வீடு கட்டச் சொல்கிறது, தோட்டம் போடச் சொல்கிறது, அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். விசாவுக்காக ஜெபிக்கத்தான் வேண்டும். வேலை தேடத்தான் வேண்டும். அரிசி விலையைப் பற்றிக் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

முச்சக்கரவண்டிகளின் பின்கண்ணாடியில் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று ஒட்டியிருப்பார்கள். பிலிப்பியர் 4:13. அப்போஸ்தலர் பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார். அதற்கு முந்தைய வசனத்தில் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். அந்தப் பெலன் எதற்கு என்பது அங்கேதான் விளங்குகிறது.

நாட்டின் பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தது நினைவிருக்கிறதா? காஸ் வரிசையில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு நாட்கணக்கில் காத்துக் கிடந்தோம். அன்ரி வீட்டுப் பின்புறத்தில் மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதி இடியப்பம் அவித்தார். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். மாவு விலை ஏறியதால் இடியப்பம் சிறுத்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து வைக்கும் இரண்டு ஒரு நாளும் குறையவில்லை. இந்த வருடம் செழிப்பின் வருடம் என்று பிரசங்கம் கேட்ட நாங்கள் அப்போது ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வழக்கம்போல விடியற்காலையில் ஜெபித்துவிட்டு அடுப்பை மூட்டினார்.

கொச்சிக்கடை எங்களுக்கு நடந்துபோகும் தூரம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, புனித அந்தோனியார் திருத்தலத்துக்குத் திருப்பலிக்குப் போனவர்கள் அங்கேயே குண்டுக்குப் பலியானார்கள். ஜூன் 12ஆம் திகதி கதவு திறந்தபோது மக்கள் திரும்பவும் உள்ளே போய் முழந்தாளிட்டார்கள். எல்லாம் நன்றாக நடக்கும் என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்? மரித்தவர் உயிர்த்தார் என்பதைத் தவிர அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது?

இன்று காலை இடியப்பம் வாங்கப் போனேன். அன்று நாங்கள் பேசாமல் இருந்தது மனவருத்தமா என்று கேட்டேன். "ஏன் தம்பி, நான் உங்களுக்கா ஸ்தோத்திரம் சொன்னேன்?" என்றார். மகன் நான்காவது தடவையும் விண்ணப்பிக்கப் போகிறானாம். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சம்பலைத் தனியாகக் கட்டித் தந்தார்.