நான்கா, ஏழா?

புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி மொத்தக் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஓடர் போன்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். போன மாதம் கண்டியிலிருந்து ஒரு சிங்கள முதலாளி எடுத்தார். அவர் சொன்னது "ஹதரய்", நான்கு கட்டு. வெளியே லொறி ஹோர்ன், நாட்டாமிமார் வழி கேட்டுக் கத்துகிற சத்தம். என் காதில் விழுந்தது "ஹதய்", ஏழு. சந்தேகத்தில் "ஹதய் நேத?", ஏழுதானே, என்று திருப்பிக் கேட்டேன். பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டே "ஓவ் ஓவ்", ஓம் ஓம், என்றுவிட்டு வைத்துவிட்டார். ஏழு கட்டு போய் இறங்கியது. ஏச்சு முழுக்க எனக்கு. "காது கேட்காதா?" என்ற அந்த ஒரு கேள்வி இன்னும் மனதை அறுக்கிறது.

விமான விபத்துகளைப் பற்றித் தேடித் தேடி வாசிப்பவன் நான். அன்று இரவு முழுக்க நினைவில் நின்றது 1989 பெப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம், போயிங் 747. 2400 அடிக்கு இறங்கச் சொல்லி, தரையிலிருந்து வழிகாட்டும் விமானக் கட்டுப்பாட்டாளர் "டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணும் 'க்கு' என்று பொருள்படும் சொல்லும் ஒரே ஓசை. விமானி அந்த 'டூ'வை எண்ணாக எடுக்கவில்லை. 400 அடிக்கு இறங்கு என்று விளங்கிக்கொண்டார். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பியும் சொன்னார். பிழை அங்கேயே வெளியே வந்துவிட்டது, பாருங்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் போய்விட்டார்கள்.

விமானிகள் பக்கமும் தவறு உண்டு. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் அவர்கள் மேலே எழும்பவில்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்ப நிற்பது அந்த "ஓகே"யில்தான். தப்பாகக் கேட்டவனை எல்லோரும் பிடித்துக்கொள்கிறோம். தன் சொல் எப்படித் திரும்பி வந்தது என்று காது கொடுக்காதவரை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், சொன்னவருக்குத்தான் பொறுப்பு கூட.

வான்வழி விதியும் சொன்னவரைச் சும்மா விடுவதில்லை. உயரம் கொடுத்தால் விமானி வெறும் "ரோஜர்", அதாவது கேட்டுக்கொண்டேன், என்று சொல்லித் தப்ப முடியாது, எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கவனித்துக் கேட்டு, பிழையென்றால் உடனே திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை. ஒன்பதை 'நைனர்' என்றும் நான்கை 'ஃபோவர்' என்றும் இழுத்துச் சொல்வதுகூட ஓசை குழம்பாமல் இருக்கத்தான். 2400ஐ இன்று 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று சொல்ல வேண்டும்.

2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தின் செய்தியை இங்கே பலர் வாசித்திருப்பீர்கள். துருக்கி வானில் 33,000 அடியிலிருந்து 35,000க்கு ஏற அனுமதி கிடைத்தது. அந்த உயரத்தில் இன்னொரு விமானம் வருவதைக் கவனித்த நம் விமானிகள் ஏற மறுத்துவிட்டார்கள். மேலிடம் சொல்லிவிட்டதே என்று தலையாட்டியிருந்தால்? நினைக்கவே உடம்பு பதறுகிறது.

நம் கடைகளில் மறுபடி கேட்டால் மரியாதைக் குறைவு. புதுப் பொடியன்கள் பயத்தில் "ஓம் முதலாளி" என்று சொல்லிவிட்டு, பிறகு ஸ்டோருக்குள் நின்று முழிப்பார்கள். இப்போது நான் "எத்தனை கட்டு என்று நீங்களே இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று கேட்காமல் பில் எழுதுவதில்லை. அந்தக் கண்டி முதலாளி இன்று காலை மறுபடி எடுத்தார். கேட்டேன். கொஞ்சம் சலித்துக்கொண்டார். அப்புறம் விரல் விட்டு எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார்: "எகய், தெகய், துனய், ஹதரய்."