குடும்பநல உத்தியோகத்தருக்காக யார் கேட்பது?

எங்கள் ஊர்களில் சுகாதாரம் பற்றிப் பேச்செடுத்தாலே, ஆதார வைத்தியசாலையைத் தரமுயர்த்த வேண்டும், சி.ரி. ஸ்கேன் வேண்டும், விசேட வைத்திய நிபுணர்கள் வேண்டும் என்றுதான் கோரிக்கைகள் நீள்கின்றன. அவை தேவையானவையே. ஆனால் வடக்கின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகளின் ஆகப் பெரிய வேலை வைத்தியசாலைக்கு வெளியேதான் நடக்கிறது. அதற்காகக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதே என் ஆதங்கம்.

நோயாளி வரும்வரை காத்திராமல், ஓர் எல்லைக்குள் வாழும் அத்தனை பேரின் நலனுக்கும் ஒரு வைத்திய அதிகாரியைப் பொறுப்பாக்கும் ஏற்பாடு இலங்கையில் 1926 இல் களுத்துறையில் தொடங்கியது. இன்று நாம் எம்.ஓ.எச். ஒவ்வீஸ் என்று சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அதன் வழிவந்ததே. அந்தப் பணிமனையின் உயிர்நாடி குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பம் என்று தெரிந்ததும் பெயர் பதிபவர் அவர். பிள்ளை பிறந்து தாய் வீடு திரும்பிய சில நாட்களிலேயே படியேறி வந்து, தொப்புள் காய்ந்துவிட்டதா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, பால் சரியாகக் கொடுக்கிறாரா என்று பார்ப்பவரும் அவரே. பிள்ளையின் நிறையை அளந்து, கொப்பியில் புள்ளியிட்டுக் கோடு கீறுவார். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், வீட்டில் என்ன சமைக்கிறார்கள், தகப்பனுக்கு வேலை உண்டா என்பதுவரை விசாரிப்பார். எந்தப் பெரிய வைத்தியசாலையும் கேட்காத கேள்விகள் அவை.

வைத்தியசாலைக்கு வெளியே நடக்கும் வேலை எதைச் சாதிக்கும் என்பதற்கு மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1999 இல் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவாகினர். போர் நடந்த வடக்கும் கிழக்குமே அதிகம் துன்பப்பட்டன. அந்தச் சூழலிலும் வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்து, மருந்து தோய்த்த நுளம்பு வலைகளைக் கொடுத்து, காய்ச்சல்காரரின் விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்துச் சோதித்த களப் பணியாளர்களின் உழைப்பால்தான், 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று எதுவும் இல்லாமல், 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் இலங்கைக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும் நுளம்பு அது. கடல் கடந்து போய்வரும் மக்கள் வாழும் கரையில், ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

வராத நோய்க்கு ஆள் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் சிக்கல். புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டலாம். தடுக்கப்பட்ட நோய்க்குத் திறப்பு விழா கிடையாது. அதனால் ஒரு பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் ஓய்வுபெற்றால் பக்கத்துப் பிரிவில் இருப்பவரைப் பதில் கடமைக்கு விட்டுச் சமாளிக்கிறார்கள். இரண்டு பிரிவுகளைச் சுமப்பவரால் வீடு வீடாகப் போக முடியாது. கிளினிக்குக்கு வரும் தாய்மாரை மட்டுமே பார்க்க முடியும். வராத தாய்தான் பெரும்பாலும் ஆபத்தில் இருப்பவர்.

சுகாதாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயம். ஆனால் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே இந்த வெற்றிடங்கள் பற்றிப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் நாங்களே கேட்க வேண்டியிருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகும் கோரிக்கைக் கடிதத்தில், ஸ்கேன் இயந்திரத்துக்கு மேலே, தங்கள் பிரிவில் ஆளில்லாத குடும்பநல உத்தியோகத்தர் பதவிகளை எழுதட்டும்.