தே ஓ கொசோங்

மன்னார்குடிப் பக்கம் ஒரு டீக்கடை. காலை ஆறரை. 11 வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பி ஒன்பது நாளான மாப்பிள்ளை, கடை வாசலில் விறைப்பாக நிற்கிறார். உள்ளே பாய்லர் பக்கத்தில் தாய்மாமா.

மாமா: என்ன மாப்ள, பத்து நிமிஷமா அங்கேயே நிக்கிற? உள்ள வாயேன்.

மாப்பிள்ளை: க்யூவுல நிக்கிறேன் மாமா.

மாமா: உனக்கு முன்னாடி யாருடா?

மாப்பிள்ளை: இந்த சைக்கிள்காரரு. எடம் புடிச்சு வச்சுட்டு எங்கயோ போயிருக்காரு போல.

மாமா: அது பஞ்சர் ஒட்டணும்னு நேத்து ராத்திரி ஒருத்தன் சாத்திட்டுப் போனது. நீ வா.

(மாப்பிள்ளை சைக்கிளைத் தயக்கமாகத் தாண்டி வருகிறார். வரும் வழியில் பெஞ்சில் கிடந்த நாலு கிளாஸையும் பொறுக்கிக் கொண்டுவந்து தொட்டி பக்கத்தில் அடுக்குகிறார். மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.)

மாப்பிள்ளை: ஒரு தே ஓ கொசோங் குடுங்க.

மாமா: கொசுவா? எங்க? இப்பதான வடிகட்டுனேன்!

மாப்பிள்ளை: கொசு இல்ல மாமா. தே ஓன்னா பால் இல்லாத டீ. கொசோங்னா மலாய்ல காலின்னு அர்த்தம், சீனி வேணாம்.

மாமா: பாலும் வேணாம், சீனியும் வேணாம். அதுக்கு எதுக்குடா டீக்கடை? அக்காகிட்ட ஒரு சொம்பு வெந்நி வாங்கிக் குடிச்சுட்டுப் படுத்திருக்கலாம்ல.

(மாப்பிள்ளை பெஞ்சில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார். திரும்பி வந்து திகைத்து நிற்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா! நான் சோப் பண்ணிட்டுப் போன எடத்துல பெரியவரு உக்காந்துட்டாரு!

மாமா: சோப்பு போட்டியா? அவரு வழுக்கி விழுந்தா யாருடா பதில் சொல்றது?

மாப்பிள்ளை: ஐயோ, அது வேற மாமா. மேசையில டிஷ்யூ பாக்கெட் வச்சா அந்த எடம் நம்மளுது. அங்க சாப்பாட்டுக் கடையில எவ்வளவு கூட்டம்னாலும் ஒருத்தன் தொட மாட்டான்.

மாமா: நாம பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டு போடுறோமே, அதான? அதுக்கு துண்டுதான்டா போடணும். பேப்பர் போட்டா பெரியவரு மூஞ்சியத்தான் தொடைப்பாரு. அங்க பாரு, ரெண்டாவது தாளு எடுக்குறாரு.

மாப்பிள்ளை: இந்த ஊர்ல ஒண்ணும் புடிபட மாட்டேங்குது மாமா. முந்தாநேத்து டவுன் பஸ்ல ஒரு அம்மா ஏறுனாங்க. "தம்பி, கொஞ்சம் புடிப்பா"ன்னு ஒரு முழுப் பலாப்பழத்த என் மடியில வச்சுட்டாங்க.

மாமா: வாசம் நல்லா இருந்திருக்குமே?

மாப்பிள்ளை: எனக்கு வேர்த்துருச்சு. அங்க ரயில்ல துரியான் பழம், நம்ம பலா மாதிரியே இருக்கும், வாடை தூக்கலா அடிக்கும், அதக் கொண்டு போகக் கூடாது. ரயில்ல எதையாச்சும் சாப்பிட்டா 500 வெள்ளி அபராதம்னு போட்டிருப்பான், சிகரெட்டுக்கு 1000 வெள்ளி. துரியானுக்கு மட்டும் எவ்வளவுன்னே போட மாட்டான். அதுதான் பயம். போதாததுக்குப் படியில வேற பசங்க தொங்குறானுங்க. பாத்தாலே நெஞ்சு பக்குங்குது.

மாமா: அங்க நீ வேலைக்கு எதுலடா போவ?

மாப்பிள்ளை: லாரிக்குப் பின்னாடி ஏத்திட்டுப் போவாங்க.

மாமா: பெரிய ஏசி கார்ல போன மாதிரி பேசுற?

மாப்பிள்ளை: லாரிதான் மாமா. ஆனா எந்திரிச்சு நிக்கக் கூடாது.

மாமா: சரி, அத விடு. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல என்னடா பண்ண? அக்கா வந்து ஒரே அழுக. புள்ளைக்கு யாரோ என்னமோ வச்சுட்டாங்க, மந்திரிக்கணும்னு.

மாப்பிள்ளை: ஒண்ணும் பண்ணல மாமா. மோர் சாதம் வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டேன். முடிச்சதும் இலைய சுருட்டி, தண்ணி பாட்டில், பாயாசக் கப்பு எல்லாத்தையும் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தேடுனேன்.

மாமா: மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில உக்காந்துக்கிட்டு!

மாப்பிள்ளை: அங்க தட்ட நாமதான் எடுத்து வைக்கணும் மாமா. 2021 செப்டம்பர்லேருந்து கெடுபிடி. முதல் தடவ எச்சரிப்பான், ரெண்டாந்தடவ 300 வெள்ளி.

மாமா: 300 வெள்ளிக்கிழமையா? கிட்டத்தட்ட ஆறு வருஷம்டா! ஒரு தட்டுக்கா?

மாப்பிள்ளை: வெள்ளின்னா டாலர் மாமா.

மாமா: தெரியும், மேல சொல்லு.

மாப்பிள்ளை: பொண்ணோட அப்பா ஓடி வந்தாரு. "என்ன கொற வச்சோம், சொல்லுங்க, ஜாங்கிரி வரலையா?"ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. நான் "குப்பைத் தொட்டி எங்க?"ன்னு கேட்டேன்.

மாமா: அடப்பாவி! அவரு சோத்தக் குப்பைன்னு சொன்ன மாதிரி ஆயிருச்சேடா!

மாப்பிள்ளை: அதுக்குள்ள எனக்கு ரெண்டு பக்கமும் இருந்தவங்க, நான் கோவத்துல இலையோட எந்திரிச்சுட்டேன்னு நெனச்சு அவங்களும் எந்திரிச்சுட்டாங்க. ஏன்னு கேக்காமலே அந்த வரிசை மொத்தமும் எந்திரிச்சுருச்சு. ஒருத்தருக்கு அப்பதான் சாம்பாரே ஊத்துனாங்க.

மாமா: பின்ன எப்படித்தான் முடிஞ்சுது?

மாப்பிள்ளை: என்னத் தனியா உக்கார வச்சு, புது இலை போட்டு, மறுபடியும் முதல்லேருந்து பரிமாறுனாங்க. சமாதானம் ஆயிட்டேன்னு காட்ட முழுசா சாப்பிட வேண்டியதாப் போச்சு.

மாமா: இந்தத் தடவையாச்சும் இலைய விட்டுட்டு வந்தியா?

மாப்பிள்ளை: ரெண்டு பேரு தோளப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க மாமா.

(டீ வருகிறது. பழக்க தோஷத்தில் மாமா பாலும் சீனியும் போட்டுவிட்டார். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் முழுதும் குடிக்கிறார்.)

மாப்பிள்ளை: எவ்வளவு மாமா?

மாமா: 12 ரூவா.

மாப்பிள்ளை: ஒரு வெள்ளிக்கு 60 ரூவான்னு பழைய கணக்குல வகுத்தா, அங்கத்த 20 காசு. அவ்வளவுதானா! இங்க இருக்குற எல்லாருக்கும் ஒரு டீ போடுங்க, என் கணக்கு.

மாமா: அங்க ஒரு வெள்ளி டீய அறுபதால பெருக்கி, அம்மாடி 60 ரூவாயான்னு குடிக்காமயே வந்த. இங்க வகுத்து வகுத்து ஊருக்கே வாங்கித் தர்ற. கையில இருக்குற காசு தீந்ததும் எதால வகுப்ப?

மாப்பிள்ளை: (கொஞ்ச நேரம் கழித்து) ஞாயித்துக்கிழமையானா அங்க லிட்டில் இந்தியாவுல தேக்காங்கிற எடத்துக்குப் போயிருவோம் மாமா. நம்மாளுங்க கூட்டம்தான். புல்லுல உக்காந்து, இந்தக் கடையையும் உங்க மசால் வடையையும் பத்தியே பேசிட்டு இருப்போம்.

மாமா: இப்பதான் வந்துட்டியே. வடை எடுத்துக்க.

மாப்பிள்ளை: இப்ப வடையத் தின்னுக்கிட்டு தேக்காவப் பத்திப் பேசணும்னு இருக்கு. ஆளுதான் இல்ல.

மாமா: பெரியவரு இருக்காரு, சொல்லு. அவருக்குக் காது கேக்காது, எவ்வளவு வேணா சொல்லலாம்.

மாப்பிள்ளை: இல்ல மாமா, முடிவு பண்ணிட்டேன். இன்னையிலேருந்து ஊரோட ஒத்துப் போயிர்றேன். க்யூ இல்ல, டிஷ்யூ இல்ல. இந்தா, கிளாஸக்கூட இங்கேயே பெஞ்சுல வச்சுட்டுப் போறேன்.

மாமா: (பதறி) டேய், டேய்! மத்தத எல்லாம் மாத்திக்க, அதுல மட்டும் கை வச்சுராத. நீ ஒன்பது நாளா அடுக்குறதப் பாத்துட்டுத்தான் கிளாஸ் கழுவுற பையன ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வாடான்னு அனுப்பியிருக்கேன்!