நெட்டில் வேர் புராஸ்டேட் வீக்கத்தைக் கரைக்குமா?

"நெட்டில் வேர்க் கஷாயம் மூன்று மாதம் குடித்தால் புராஸ்டேட் வீக்கம் கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நெட்டில் என்பது தொட்டால் அரிக்கும் ஒரு செடி; புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அந்தச் செய்தி தவறு. இந்த வேரை மருந்தாக ஏற்றுக்கொண்ட ஜெர்மனியின் 'கமிஷன் இ' என்ற மூலிகை மருந்து ஆய்வுக் குழுவே, இது சிறுநீர்த் தொந்தரவுகளைத்தான் தணிக்கும், வீக்கத்தைக் குறைக்காது, டாக்டரை அவ்வப்போது பாருங்கள் என்று எழுதிவைத்திருக்கிறது.

சரி, குடித்தவருக்குக் குணம் தெரிகிறதே? இரவில் நான்கு முறை எழுந்தவர் இரண்டு முறை எழுகிறார், நிம்மதிதான். ஆனால் இந்தத் தொந்தரவு தானாகவே ஏறும், இறங்கும். மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த ஆய்வுகளிலும் பலருக்குக் குறைந்திருக்கிறது. சுரப்பியை உண்மையில் சுருக்குவது ஃபினாஸ்டரைடு போன்ற மருந்து. அதற்கே ஆறு மாதம் வரை ஆகலாம்.

அப்புறம், அந்தச் செய்தியில் நெட்டிலைக் காஞ்சொறி என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் தொட்டால் அரிக்கும், ஆனால் வேறு செடி.

எனக்குப் பயமெல்லாம் கஷாயத்தை நம்பிக் காத்திருப்பதில்தான். சிறுநீர் முழுதும் வெளியேறாமல் பையில் தேங்கிக்கொண்டே போனால், வலியே தெரியாமல் சிறுநீரகம் வரை கெடும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூட இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.