யாருமில்லாத இடத்தில் கம்பம் நட்டார்களாம்

ஆஸ்திரேலியாவின் குறுக்கே யாருமில்லாத வெட்டவெளியில் தந்திக் கம்பி இழுத்தார்கள் என்று ஒருவர் புகழ்ந்து பதிவு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவின் கீழ் நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். நான் எழுதியது இரண்டே வரி. அதற்கு 'எதிலும் குறை காணும் வியாதி' என்று எனக்குப் பட்டம் வேறு. சரி, வியாதிக்காரனே எழுதுகிறேன்.

தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பி. 1870-இல் தொடங்கி 1872-இல் முடித்துவிட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய சார்லஸ் டாட்டின் சாமர்த்தியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழைக்காலத்தில் வடக்கே வண்டிகள் சேற்றில் புதைந்தன, மரக்கம்பங்களைக் கரையான் தின்றது. லண்டன் செய்தி கப்பலில் வர மாதக்கணக்கான காலம் போய், மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது. ஆறு காலனிகள் 1901-இல் ஒரே நாடானதில் அந்தக் கம்பிக்கும் பங்குண்டு. கைதட்டுகிறேன், போதுமா?

ஆனால் பதிவில் 'யாருமில்லாத வெட்டவெளி' என்று எழுதியிருந்தாரே, அதுதான் உறுத்துகிறது. தந்தி நிலையங்களைத் தண்ணீர் இருந்த இடமாகப் பார்த்துத்தானே கட்டினார்கள்? பாலைவனத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தில் ஆள் இருக்க மாட்டார்களா? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நிலையத்தின் பெயரில் இருக்கும் ஆலிஸ், டாட்டின் மனைவி. 'ஸ்பிரிங்ஸ்' என்றாலும் அது ஊற்றுகூட இல்லை, ஆற்றுப் படுகையில் தேங்கும் தண்ணீர். அங்கே அரெர்ன்டே என்னும் பூர்வகுடி மக்கள் காலங்காலமாக இருந்தார்கள். பேரோ கிரீக் நிலையத்தை 1874-இல் கைடிச் என்னும் பூர்வகுடி மக்கள் தாக்கியதில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். இருவரின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது. பழிவாங்கப் போன போலீஸ் படை சுட்டுக் கொன்றவர்களின் பெயர்கள் எங்கே? யாருமில்லாத இடத்தில் யாரைச் சுட்டார்கள் ஐயா?

'ஆஸ்திரேலியக் கதை உனக்கெதற்கு' என்றார் ஒருவர். அந்தத் தந்திகள் ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு கடந்து நம் சென்னை வழியாகத்தான் லண்டன் போயின. அதை விடுங்கள், என் அப்பா தந்தித் துறையில் லைன்மேனாக இருந்தவர்.

வால்பாறைப் பக்கம் வேலை. யானை முதுகைச் சொறிந்தே கம்பத்தைச் சாய்த்துவிடும். அப்பா தனியாகக் காட்டுக்குள் போனதே இல்லை. காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வெட்டுக்கத்தியோடு முன்னால் நடப்பார், திடீரென்று கையைப் பின்னால் நீட்டுவார். அப்பா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார். ஓய்வுபெற்ற நாளில் ஓர் அதிகாரி, 'மனித நடமாட்டமே இல்லாத காட்டில் உழைத்தவர்' என்று புகழ்ந்து மாலை போட்டார். வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் மாட்டிய அப்பா, "அப்படியென்றால் எனக்குக் கஞ்சி ஊற்றியது யார்?" என்று கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

'அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா' என்று கேட்பீர்கள். நான் அளப்பது 1872-ஐ அல்ல, போன ஞாயிற்றுக்கிழமையை. 'வளர்ச்சிக்கு எதிரி' என்றவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. கம்பம் ஏறியவன் சோற்றில் வளர்ந்தவன் நான்.

ஆஸ்திரேலியாவில் அந்தப் பூர்வகுடி மக்கள், மின்சாரம் கசியாமல் கம்பியைத் தாங்கும் கம்பத்துப் பீங்கானை உடைத்து ஈட்டிமுனை செதுக்கினார்கள். அதை 'நாசவேலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பா கொண்டுவந்த பழைய பீங்கான் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அம்மா அதில்தான் பூண்டு தட்டுகிறாள். அவள் மீதும் வழக்குப் போடுங்கள்.